பாசறையில் மாண்டவர்கள்: போரும் நோயும் கணக்கும்

போர் வரலாறு என்றவுடன் படையெடுப்புகளும் முற்றுகைகளும் தளபதிகளின் பெயர்களுமே மனத்தில் எழுகின்றன. பள்ளிப் பாடநூல்களும் நினைவுச் சின்னங்களும் அந்த வழக்கத்தையே நிலைநிறுத்தி வந்திருக்கின்றன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்த நீண்ட போர்களை எடுத்துப் பார்த்தால், பகைவனின் ஆயுதத்தால் இறந்த வீரர்களைக் காட்டிலும் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் பட்டினியாலும் குளிராலும் இறந்தவர்களே பெரும்பாலும் மிகுதி. படை தங்கும் இடத்துக்குத் தமிழில் பாசறை என்று பெயர். களத்தில் வீழாமல் பாசறையிலும் வழிநடையிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் நேர்ந்த இந்த மரணங்களைப் பாசறைச் சாவுகள் என்று குறிப்பிடலாம். இவற்றை ஊழ்வினை என்றோ இயற்கையின் சீற்றம் என்றோ ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு மருத்துவமும் ஆவணங்களும் போதிய சான்று தருகின்றன. குடிநீர், உணவு, கழிப்பிடம், துணி, வண்டி ஆகியவற்றை யார் பொறுப்பேற்று நடத்தினார்கள், யாருடைய சாவு கணக்கில் ஏறியது என்பவையே இந்த மரணங்களின் அளவைத் தீர்மானித்தன என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

பாசறைச் சாவுக்குப் புகழ் இல்லை என்பது பழைய சமூகங்கள் பலவற்றுக்கும் பொதுவான எண்ணம். புறநானூற்றின் 93ஆம் பாடலில் அதியமானின் புண்ணைப் போற்றும் ஔவையார், நோயால் இறந்த அரசர்களின் உடலைப் பசும்புல்லின் மேல் கிடத்தி வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். களத்தில் வீழ்ந்த மறவர் செல்லும் உலகம் நோயில் மாண்டவனுக்கும் வாய்க்கட்டும் என்பது அச்சடங்கின் நோக்கம். இறந்த பிறகாவது வாளின் தழும்பு ஒன்று உடலில் இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் கருதியிருக்கிறது. நோயில் இறந்த அரசனுக்கே அவ்வளவு தாழ்வு என்றால், அதே பாசறையில் காய்ச்சலில் இறந்த காலாளுக்கு நடுகல் எங்கிருந்து வந்திருக்கும்?

பாசறைச் சாவை எண்ணிப் பதிவு செய்த மிகப் பழைய வரலாற்றாசிரியர்களுள் ஏதென்ஸ் நகரத்துத் தூசிடிடீஸ் முதன்மையானவர். கி.மு. 430இல் ஸ்பார்ட்டாவின் படையெடுப்புக்கு அஞ்சி நாட்டுப்புற மக்கள் ஏதென்ஸின் மதில்களுக்குள் நெருக்கியடித்துக் குடியேறிய கோடைக்காலத்தில் கொள்ளைநோய் பரவியது. பொட்டிடேயா நகரை முற்றுகையிட அனுப்பப்பட்ட 4,000 கனகவச வீரர்களில் சுமார் 40 நாட்களுக்குள் 1,050 பேர் நோய்க்கு இரையானதாக அவர் எழுதுகிறார். மறு ஆண்டில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸும் இறந்தார். அந்த நோய் எது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. ஆயினும் மக்களைக் குறுகிய இடத்தில் அடைத்த போர்த்திட்டம் நோயின் கொடுமையைப் பெருக்கியது என்ற தூசிடிடீஸின் கருத்து, பின்வந்த போர்கள் பலவற்றுக்கும் பொருந்துகிறது.

1812ஆம் ஆண்டில் நெப்போலியன் ருஷ்யாவின் மீது படையெடுத்துத் தோற்றதற்குப் பனியே காரணம் என்பது இன்றளவும் பரவலான நம்பிக்கை. பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார் தம் 88ஆம் வயதில், 1869இல் வரைந்து வெளியிட்ட படம் ஒன்று இந்த நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளப் போதுமானது. ருஷ்ய எல்லையிலிருந்த நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டையாகத் தொடங்கும் படையின் கோடு, மாஸ்கோவை அடையும்போது 1,00,000 ஆக மெலிந்து, திரும்பி வரும்போது 10,000 ஆகத் தேய்கிறது. படையின் பெரும்பகுதி குறைந்தது ஜூன் மாத இறுதிக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையே, கடும் வெயில் காலத்தில் என்பதை அந்தப் பட்டையின் அகலம் காட்டிவிடுகிறது. வழியில் பிரிந்து நிறுத்தப்பட்ட படைகளும், ஓடிப்போனவர்களும், செப்டம்பர் 7இல் போரோடினோ களத்தில் வீழ்ந்தவர்களும் இந்தக் குறைவில் அடங்குவர். எஞ்சிய பெரும்பங்கு பட்டினிக்கும் நோய்க்கும் உரியது. தானிய வண்டிகள் மண்சாலையில் பின்தங்கின. குதிரைகள் முற்றாத தானியப்பயிரைத் தின்று சாய்ந்தன. வீரர்கள் சகதிக் குட்டைகளில் நீர் குடித்தார்கள். மாற்றுத் துணியின்றி வாரக்கணக்கில் ஒரே உடுப்பில் நெருங்கிப் படுத்துறங்கிய படையில் டைஃபஸ் என்னும் நச்சுக்காய்ச்சல் பரவியது.

டைஃபஸ் உடற்பேன்களால் பரவும் நோய் என்பதை 1909இல் துனிஸ் நகரில் மருத்துவர் சார்ல் நிகோல்தான் கண்டறிந்தார்; அந்த வீரர்களுக்கோ அவர்களுடைய மருத்துவர்களுக்கோ தங்களைக் கொல்வது எது என்று தெரியாது. லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட பெருங்குழி ஒன்றில் அந்தப் படையைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பற்களிலும் மண்ணிலும் எஞ்சிய மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் டைஃபஸ், அகழிக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளை முதலில் அடையாளம் கண்டார்கள்; பின்னர் நடந்த ஆய்வு பாராடைஃபாய்டு, மீள்காய்ச்சல் ஆகியவற்றின் தடயங்களையும் சேர்த்தது. ஒரே குழியில் இத்தனை நோய்கள் இருந்தது, எந்த ஒரு கிருமியையும்விடப் பசியும் அழுக்கும் களைப்புமே அந்தப் படையை முதலில் தோற்கடித்தன என்பதை உணர்த்துகிறது.

நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1809இல், நெதர்லாந்தின் வால்கரென் தீவில் இறங்கிய சுமார் 40,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் படையில் சண்டையில் இறந்தவர்கள் 106 பேர், காய்ச்சலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது நூறாண்டுக்கும் மேலாக ஏற்கப்பட்டு வந்த கணக்கு. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தவர்கள். சிறுவயதில் தட்டம்மை கண்டிராத பண்ணை வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒரே முகாமில் கூடியதும் அந்த நோய் அவர்களிடையே பரவியது; துப்பாக்கி பிடிக்கக் கற்கும் முன்பே பலர் இறந்தார்கள். 2011இல் வரலாற்றாசிரியர் டேவிட் ஹேக்கர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, இறந்தவர்கள் 7,50,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார். பதிவேடுகளைப் பேணிக் காக்கும் நாடு ஒன்றிலேயே ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகள் 150 ஆண்டுகளாகக் கணக்குக்கு வெளியே கிடந்தன என்பது நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

பாசறைச் சாவு முதன்முதலாக ஓர் அரசை உலுக்கிய கேள்வியாக மாறியது கிரிமியப் போரில். ருஷ்யாவுக்கு எதிராக பிரிட்டனும் பிரான்சும் உதுமானியப் பேரரசும் நடத்திய இந்தப் போரில் பிரிட்டிஷ் படை 1854 செப்டம்பரில் கிரிமியாவில் இறங்கியது. அதற்கு முன்பே, பல்கேரியாவின் வார்னா முகாமில், காலரா அந்தப் படையைத் தொட்டுவிட்டது. செவஸ்தபோல் நகரின் முற்றுகை குளிர்காலத்துக்கும் நீளும் என்று எவரும் திட்டமிடவில்லை. நவம்பர் 14 அன்று வீசிய புயலில், குளிர்கால உடுப்புகளை ஏற்றி வந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் பாலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. துறைமுகத்துக்கும் குன்றின் மேலிருந்த முகாமுக்கும் இடையே இருந்த தொலைவு பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பாதை மழையில் சேறாகக் குழைந்ததும், தீவனமில்லாத குதிரைகள் வரிசையாகச் செத்து விழுந்ததும், கரையில் பண்டங்கள் குவிந்து கிடக்க மேலே வீரர்கள் பட்டினி கிடந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தின் இரண்டு செய்திகள் நிர்வாகம் எப்படி ஆளைக் கொல்லும் என்பதை நேரடியாகக் காட்டுகின்றன. முதலாவது காப்பி. வறுத்த காப்பி கடல்வழியில் ஈரம் பட்டுக் கெடும் என்ற எண்ணத்தில் வறுக்காத பச்சைக் கொட்டையை அப்படியே வீரர்களுக்குப் படியளந்தார்கள். வறுக்கச் சட்டியும் இல்லை, அரைக்க எந்திரமும் இல்லை, அடுப்பெரிக்க உலர்ந்த விறகும் இல்லை. இரவெல்லாம் அகழியில் நனைந்து நின்றவன், வேர்களைத் தோண்டியெடுத்துத் தீ மூட்டி, வெடித்த குண்டின் ஓட்டில் கொட்டையைப் போட்டு, பீரங்கிக் குண்டால் நசுக்கித் தண்ணீரில் கொதிக்கவைக்க முயன்றான்; முடியாதவன் ஈரத்தோடும் வெறும் வயிற்றோடும் படுத்தான். இரண்டாவது எலுமிச்சைச் சாறு. காய்கறியும் பழமும் இல்லாத உணவால் ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, பழைய புண்கள் மீண்டும் திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு மருந்து என்பதைப் பிரிட்டிஷ் கடற்படை 1795 முதலே அறிந்து நடைமுறைப்படுத்தியிருந்தது. டிசம்பரில் பாலக்லாவாவுக்கு வந்து சேர்ந்த எலுமிச்சைச் சாறு வாரக்கணக்கில் கிடங்கிலேயே இருந்தது. அதைப் படிப்பொருளாக வழங்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் வழங்குவது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. உணவு வழங்கும் துறை அப்போது படைத்தளபதியின் கீழ் இல்லாமல் லண்டனின் கருவூலத் துறைக்குக் கீழ்ப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நோயாளிகளைக் கப்பலேற்றிக் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையிலிருந்த ஸ்குடாரிக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்த பெரிய படைக்கொட்டில் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல் நின்றது. 1854 நவம்பர் 4 அன்று 38 செவிலியருடன் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே வந்து சேர்ந்தார். அவர் வந்ததும் சாவு குறைந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கதை உண்மைக்கு மாறானது. படுக்கையும் உணவும் துணியும் அவரால் சீர்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் சாவு ஏறிக்கொண்டே போய், 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட நூறு பேரில் 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் கால்வாய்களைக் கழுவி, குப்பையையும் செத்த விலங்குகளையும் வண்டி வண்டியாக அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்படித்து, காற்று வர வழிசெய்தது. குடிநீர் வந்த பாதையிலேயே செத்த குதிரை ஒன்று கிடந்ததை அதன் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டாக இறங்கியது.

போர் முடிந்து நாடு திரும்பிய பிறகே நைட்டிங்கேல் இந்த எண்களின் முழுப் பொருளையும் உணர்ந்தார். புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து மாதவாரியாகச் சாவுகளைப் பிரித்து, காயத்தால் இறந்தவர்கள், தவிர்க்கக்கூடிய நோயால் இறந்தவர்கள், பிற காரணங்களால் இறந்தவர்கள் என்று மூன்று வண்ணங்களில் இதழ் விரித்த பூப்போன்ற வரைபடமாக 1858இல் வெளியிட்டார். நோயைக் குறித்த நீலப் பரப்பு மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் அளவுக்கு அகன்றிருந்தது. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையினர் களத்தில் இறந்தவர்கள் 2,755, காயம்பட்டுப் பின்னர் இறந்தவர்கள் 2,019, நோயால் இறந்தவர்கள் 16,323. விளக்கேந்திய பெண்மணி என்ற உருவம் இன்றும் அவரை மறைத்து நிற்கிறது. தாம் பொறுப்பிலிருந்த மருத்துவமனையின் சாவுக் கணக்கையே மறைக்காமல் எடுத்து ஆராய்ந்து, அதைக் கொண்டு அரசை வளைத்தவர் என்பதே அவருக்கு உரிய பெரும்புகழ்.

அவருடைய கணக்கு இந்தியாவுக்கும் நீண்டது. 1863இல் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதைக் காட்டியது. போரில்லாத ஆண்டுகளிலும் சாவு இருந்தது. காரணங்கள் கெட்ட குடிநீர், வடிகாலின்மை, நெரிசலான கொட்டில், மட்டுமீறிய சாராயம். மறு ஆண்டில் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. இந்தியாவில் பொதுச் சுகாதாரத் துறை என்று பின்னர் வளர்ந்த அமைப்பின் வேர்களுள் ஒன்று படைவீரரின் பாசறைச் சாவில் இருக்கிறது. ஊர் மக்களின் சாவு அரசின் கவனத்துக்கு வந்தது அதற்குப் பிறகே என்பதையும் மறக்கலாகாது.

நோய்க்குக் காரணம் அழுக்கு மட்டுமில்லை, தட்டில் விழும் சோறும் ஆகலாம் என்பதை ஜப்பானியக் கடற்படை காட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இறுதியில் இதயம் நின்றுபோகும் பெரிபெரி என்னும் நோய் அந்தக் கடற்படையை வாட்டிக்கொண்டிருந்தது. 1883இல் நீண்ட பயிற்சிப் பயணத்திலிருந்து திரும்பிய 'ரியூஜோ' கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய் கண்டு 25 பேர் இறந்திருந்தார்கள். லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்று வந்த கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, மறு ஆண்டில் அதே வழியில் 'சுகுபா' என்ற கப்பலை மாற்றிய உணவுடன் அனுப்பச் செய்தார். அந்தப் பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் வெள்ளையரிசியோடு வாற்கோதுமை கலந்த சோறு கடற்படையின் வழக்கமான உணவாயிற்று. தரைப்படையின் மருத்துவத் தலைமையோ, ஜெர்மனியில் பயின்ற எழுத்தாளரும் மருத்துவருமான மோரி ஓகாய் உள்பட, நோய்க்குக் கிருமியே காரணமாக இருக்கும் என்று நம்பியது. ஊரில் கூழும் கலப்புத் தானியமும் உண்ட ஏழை வீட்டுப் பையனுக்குப் படையில் நாள்தோறும் கிடைத்த வெண்சோறு பெருமைக்குரிய பரிசு. அதையே நஞ்சு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? 1904-05இல் ருஷ்யாவுடன் நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படையினர் சுமார் 27,000 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். கடற்படை விடை கண்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பத்தாண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில், இதே பாடம் இராக்கில் மீண்டும் எழுதப்பட்டது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை 147 நாட்கள் டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள கூட் நகரில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டிருந்த ஆங்கில - இந்தியப் படையில், வெள்ளைக்கார வீரர்கள் தீட்டிய மாவின் ரொட்டியை உண்டு பெரிபெரியில் விழுந்தார்கள். தவிடு நீக்காத கோதுமை மாவும் வாற்கோதுமையும் உண்ட இந்திய வீரர்களுக்குப் பெரிபெரி வரவில்லை. ஆனால் குதிரை இறைச்சியைச் சமயக் கட்டுப்பாட்டால் மறுத்த அந்த இந்தியர்களிடையே, காய்கறியும் இன்றிப் போனதால், ஸ்கர்வி பரவியது. வெள்ளை மாவு தீர்ந்து இந்தியரின் மாவையே உண்ண நேர்ந்தபோது வெள்ளையரின் பெரிபெரியும் தணிந்தது. மதில் ஒன்று, பஞ்சம் ஒன்று, நோய் மட்டும் தட்டுக்கேற்ப வேறு என்ற இந்த நிலையைப் படையின் தலைமை மருத்துவர் பாட்ரிக் ஹெஹிர் கவனித்துக் குறித்துவைத்தார். சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும் எண்ணிக்கையினர் அதன் பிறகு பாலைவன நடையிலும் கைதி முகாம்களிலும் இறந்தார்கள்.

பெரிபெரி பற்றிய அடுத்த கட்ட ஆய்வு 1918இல் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மக்கரிசனின் தலைமையில் தொடங்கியது. அந்த அறையே பின்னாளில் வளர்ந்து ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட பகுதிகளில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் அது முற்றிலும் போய்விடுவதில்லை. மலேயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதையே வேறு வழியில் கண்டிருந்தார்: தீட்டிய சயாம் (தாய்லாந்து) அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே மிகுந்திருந்த பெரிபெரி, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாக இருந்தது. இந்தச் செய்தி பின்னர் வரும் தாய்லாந்து - பர்மா ரயில் பாதையின் கதைக்கு இன்றியமையாதது.

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டில் பரவிய இன்ஃபுளுவென்சாவைப் பாசறைச் சாவின் எல்லைக்குள் அடக்க முடியாது. படைக்கப்பல்களின் வழியே 1918இன் நடுவில் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த அந்தக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் 1.2 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது என்று மதிப்பிடப்படுகிறது. போரில் எல்லா நாடுகளும் சேர்ந்து இழந்த படைவீரர் தொகையைவிட அது பெரியது.

இரண்டாம் உலகப் போரில், 1943இல், அறிவு குறைவாக இல்லை. மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை இருந்தது. காலராவுக்குத் தடுப்பூசி இருந்தது. பெரிபெரியின் காரணம் தெரிந்திருந்தது. அந்த ஆண்டில் பர்மிய எல்லையில் ஜெனரல் வில்லியம் ஸ்லிம் பொறுப்பேற்ற படையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு 120 பேர் நோயுற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா என்று முன்னறிவிப்பின்றிச் சோதித்து, குறை கண்ட படைப்பிரிவுகளின் தலைவர்கள் மூவரை அவர் பதவியிலிருந்து நீக்கினார். மருத்துவமனைகளைக் களத்துக்கு அருகே கொண்டுவந்தார். 1945க்குள் நோய் மிகவும் தணிந்தது. பெரும்பான்மை இந்தியரான அந்தப் படையின் வெற்றிக்கு இது பீரங்கிகளுக்குக் குறையாத காரணம்.

பர்மாவின் கிழக்குப் பக்கத்தில், அதே ஆண்டின் மழைக்காலத்தில், ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்தது. ரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி நீர்மூழ்கிகளால் ஆபத்தானதாகிவிட்டதால், பர்மாவிலிருந்த படைக்குச் சரக்கு அனுப்ப இந்தப் பாதை தேவைப்பட்டது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கு 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும் 1,80,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களும் பயன்படுத்தப்பட்டார்கள். மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் மிகப் பெரும் பகுதியினர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போயிருந்த காலம் அது. சில மாத ஒப்பந்தம், கூலி, சோறு என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்து ஆள் வருவது நின்றதும், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதித்தும் வழிமறித்தும் பிடித்துச் சென்றார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள்.

பாதையில் அவர்களுக்குக் கிடைத்தது தீட்டிய வெள்ளையரிசி. எந்த அரிசி தங்களைப் பெரிபெரியிலிருந்து காத்தது என்று மலேயாவிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்ததோ, அந்த அரிசி இல்லாத இடத்துக்கு அந்தத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 மே மாதத்தில் பருவமழையோடு பாதையிலுள்ள நீக்கே பகுதியில் காலரா தோன்றி, ஆற்றோரம் முகாம் முகாமாக இறங்கியது.

போர்க்கைதிகளும் அடிமைகளைப் போலவே நடத்தப்பட்டார்கள்; ஆனால் அவர்களிடம் மூன்று விஷயங்கள் இருந்தன: மருத்துவர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒழுங்கு, ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைக்கும் பதிவு. கொதிக்காத நீரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார்கள்; உணவு வாங்குமுன் ஒவ்வொருவனும் தன் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுத்தான்; மூங்கிலைச் சீவி ஊசியும், மருத்துவரின் மார்பொலிக் குழாயிலிருந்து அறுத்த ரப்பரும், கல்லுப்பும் காய்ச்சிய நீரும் கொண்டு காலரா நோயாளியின் இரத்தநாளத்தில் உப்புநீர் ஏற்றினார்கள். தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் மருத்துவர் இல்லை, கழிப்பிடம் இல்லை, மொழி தெரிந்த பொறுப்பாளர் பெரும்பாலும் இல்லை. நோய் கண்டவர்கள் கொட்டகையிலேயே விடப்பட்டார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி அங்கே இறந்தார்கள். 1943இன் நடுவில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களைக் கொண்ட 'கே', 'எல்' என்னும் இரு குழுக்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பப்பட்டன; அதற்குள் காலரா தன் வேலையைப் பெருமளவு முடித்திருந்தது.

போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர், அதாவது ஐவரில் ஒருவர், இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அது ஏறத்தாழ இருவரில் ஒருவர். உடல்வலிமையோ பழக்கமோ இந்த வேறுபாட்டுக்குக் காரணமில்லை என்பதற்குப் போர்க்கைதிகளுக்குள்ளேயே சான்று உண்டு. 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து புறப்பட்டு, காட்டுவழியே பல நாட்கள் இரவில் நடத்திச் செல்லப்பட்டு, காலரா பரவிய முகாம்களில் போதிய ஏற்பாடின்றிக் கொண்டுவிடப்பட்ட 'எஃப்' பிரிவின் 7,000 கைதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏற்பாடு குலைந்த இடத்தில் பயிற்சி பெற்ற படைவீரனின் சாவு விகிதமும் தோட்டத் தொழிலாளியின் விகிதத்தை நெருங்கிவிட்டது.

தாய்லாந்தின் கஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன, அவை போர்க்கைதிகளுடையவை. தொழிலாளர்களின் சாவுக் கணக்கு நூலுக்கு நூல் மாறுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானியப் பட்டியல் வேலைக்கு எடுத்த தலைகளையே எண்ணியது. ஓடிப்போனவர்கள் என்று அது குறித்தவர்களில் எத்தனை பேர் காட்டில் மாண்டார்கள் என்பது அதில் இல்லை. உடன் சென்ற குழந்தைகளும் அதில் இல்லை. ஆனால் ரப்பர் தோட்டம் என்பது பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, கிராணி என்னும் எழுத்தர் ஏட்டில் குறித்துச் சம்பளம் கணக்கிட்ட இடம். எஞ்சியுள்ள தோட்ட ஏடுகளையும், போருக்குப் பின் பிரிட்டிஷ் நிர்வாகம் திரட்டிய பட்டியல்களையும், 'கே', 'எல்' குழுக்களின் மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும், மலேசியாவில் அந்தக் குடும்பங்கள் சொல்லிவரும் செய்திகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஹேக்கர் அமெரிக்கப் போருக்குச் செய்ததைப் போன்ற ஒரு மறுகணக்கை இந்தப் பாதைக்கும் செய்ய முடியும். சயாம் ரயில் பாதையைப் பற்றி உலகில் வெளிவரும் நூல்களில் போர்க்கைதிகளுக்கே பெரும் இடம் கிடைக்கிறது, தொழிலாளர்கள் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறார்கள். எண்ணிக்கையில் மூன்று மடங்காக இருந்தவர்களிடமிருந்து தொடங்கும் வரலாற்றைத் தமிழறிந்த ஆய்வாளர்கள்தாம் எழுத முடியும். அந்தக் குடும்பங்களின் செய்திகள் இருப்பது தமிழில்.